தண்ணீர் ஒட்டாத கொக்கு

என் மச்சினன் எங்களுக்குத் தர வேண்டியது பதினான்காயிரத்து முந்நூற்று ஐம்பது. இந்த எண்ணைச் சமையலறை அலமாரிக் கதவின் உட்பக்கம் தச்சர் பென்சிலால் நானே எழுதினேன். எழுத்தும் எண்ணும் நான் கற்றுக்கொண்டது நாற்பத்தாறு வயதுக்கு மேல். அதுவரை ஐந்து இலக்கத்தில் எழுதுகிற அளவுக்கு எனக்கு எதுவும் வாய்த்ததில்லை. யாராவது துடைத்துவிடக் கூடாது என்று அதன்மேல் அரக்கு பாலிஷும் கொடுத்தேன். மேஜை, நாற்காலி, கட்டிலுக்குப் பாலிஷ் போடும் கூலி நான். நான் போட்டது அவ்வளவு சுலபத்தில் உரியாது.

அந்தப் பணம் என் மனைவியின் பல். மேல்வரிசை முழுவதையும் பெரிய ஆஸ்பத்திரியில் பிடுங்கிவிட்டார்கள். பிடுங்குவது இலவசம், வைப்பதற்குத்தான் காசு. ஈறு ஆற மூன்று மாதம் ஆகும், அதற்குப் பிறகு செட்டு வைக்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். பணம் பிஸ்கட் டப்பாவில் தயாராக இருந்தது. மூன்று மாதம் அது சும்மா கிடப்பது என் மச்சினனுக்குப் பொறுக்கவில்லை.

"பத்தே நாள்ல திருப்பிடறேன்க்கா. நீ எப்படியும் மூணு மாசம் கஞ்சிதானே குடிக்கப் போற" என்றிருக்கிறான். அக்காவும் கொடுத்திருக்கிறாள். நான் டப்பாவைத் திறந்தபோது உள்ளே ரப்பர் வளையம் மட்டும் இருந்தது.

என் மச்சினனைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அவனுக்கு எந்தத் தொழில்மேலும் வெறுப்பு கிடையாது. காளான் வளர்த்தான், முளைக்கவில்லை. வண்ணமீன் வளர்த்தான், அவை அவன் முகத்தைப் பார்த்தே செத்தன. காற்றடைத்த மெத்தை விற்றான், வாங்கியவர்கள் விடிவதற்குள் தரையில் கிடந்தார்கள். ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு விசிட்டிங் கார்டு அடித்தான். கார்டு மட்டும் ஒருதடவையும் பழுதானதில்லை.

இந்தத் தடவை ஜப்பான். எங்கோ வெளியூரில் மூன்று வாரப் பயிற்சி. ஜப்பான் முறையில் பலகையில் படம் செதுக்கி, தண்ணீரில் கரைத்த வண்ணம் தடவி, காகிதத்தில் ஒற்றி எடுக்கிற வேலை. திரும்பி வந்தவன் வாசலிலேயே இடுப்பை மடித்து எனக்கு வணக்கம் வைத்தான். நிமிரும்போது நிலைப்படியில் தலை இடித்தது. பையில் உளிகள் ஒரு கட்டு, காகிதம் ஒரு கட்டு, மூங்கில் மடலால் மூடிய சப்பை வட்டத்தட்டு ஒன்று.

"இதுக்குப் பேரு பாரென், அத்தான். காகிதத்து முதுகுல தேய்க்கிறது."

"என்ன விலை?"

"விலையெல்லாம் பார்த்தா கலை வருமா?"

"உனக்கு வராது. எங்களுக்குக் கஞ்சி வரும்" என்றேன்.

அன்றிலிருந்து தெருவில் அவனுக்கு 'ஜப்பான்' என்று பெயராகிவிட்டது. கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தான். பெருமையாக வேறு இருந்தது அவனுக்கு.

மருந்துக்கடைக்கு மேலே ஒரு அறையை வாடகைக்குப் பிடித்து வகுப்பு தொடங்கினான். மூன்று வாரம் கற்றவன் ஆறு மாதத்துக்குச் சொல்லித் தருகிறானாம். நாலு பேர் சேர்ந்தார்கள். வேலை ஓய்ந்த பாங்க் அதிகாரி ஒருவர், பல் டாக்டரம்மா ஒருவர், செல்போன் கம்பெனிப் பெண்கள் இரண்டு பேர். அந்தப் பெண்கள் செதுக்கினதைவிடச் செதுக்குகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொண்டதுதான் அதிகம். பாங்க் அதிகாரி ஒவ்வொரு உளியையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கள்ளநோட்டை வைப்பதுபோல் கீழே வைப்பார். கட்டணம் கொடுத்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் மாதக் கடைசியில் தருவதாகச் சொன்னார்கள். என் மச்சினனிடமே கடன் சொல்ல ஆள் கிடைத்தது எனக்கு ஒரு ஆறுதல்.

வகுப்பில் காட்ட வேண்டியதை எங்கள் சமையலறையில்தான் ஒத்திகை பார்த்தான். அவன் அறையில் மேஜை ஆடும். எங்கள் மேஜை ஆடாது, ஏனென்றால் அதன் காலுக்கு அடியில் அட்டை வைத்தவன் நான். அரிசிமாவுப் பசை காய்ச்சுவது, காகிதத்தை ஈரச் செய்தித்தாளுக்குள் அடுக்கிப் பதப்படுத்துவது, எல்லாம் அவன் அக்கா செய்தாள். பாரெனை நாலு இழுப்பு இழுத்துவிட்டு "மணிக்கட்டு வலிக்குதுக்கா" என்று அவளிடம் நீட்டுவான். மிச்சத்தை அவள்தான் தேய்த்தாள். ஒருநாள் இரண்டுநாள் அல்ல, அந்த மழைக்காலம் முழுவதும் தேய்த்தாள்.

அவன் செதுக்கினது மழையில் நிற்கும் கொக்கு. கொக்கு என்று அவன் சொன்னான். பார்த்தவர்கள் மடக்கிய குடை என்றார்கள். கோடுகளுக்கு ஒரு பலகை, ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒவ்வொரு பலகை. எல்லாப் பலகையிலும் ஒரே இடத்தில், மூலையில் ஒரு காடியும் விளிம்பில் ஒரு காடியும் வெட்டியிருக்கும். காகிதத்தை அந்த இரண்டிலும் முட்டக் கொடுத்துப் போட்டால் வண்ணம் கோட்டுக்குள் விழும். ஆனால் காகிதத்தின் ஈரம் காயக் கூடாது. காய்ந்தால் சுருங்கும். சுருங்கினால் கொக்கின் சிவப்பு அலகு கொக்கை விட்டுவிட்டுத் தனியாக வானத்தில் பறக்கும். அவன் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து வேலை செய்தான். அதனால் அலகு தினமும் பறந்தது.

"விசிறியை நிறுத்துடா" என்பாள் அக்கா.

"வேர்க்குதுக்கா. ஜப்பான்ல குளிரு. அங்க இந்தப் பிரச்சினை இல்ல."

"அப்ப அங்கயே போயி உக்காரு. விசிறிய நிறுத்து."

அவள் சொல்லிச் சொல்லி, அப்புறம் சொல்வதை விட்டுவிட்டு, தானே எழுந்துபோய் நிறுத்துவாள். அலகு கொக்கிடம் திரும்பி வந்தது. அதையும் அவன் தன் கைவண்ணம் என்றுதான் வகுப்பில் சொன்னான்.

என் மனைவி பல் போன பிறகு வெளியாட்கள் முன்னால் உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டுதான் பேசுவாள். சிரிப்பையே விட்டுவிட்டாள். வாய் மட்டும் குறையவில்லை. கஞ்சியும் குழைந்த பருப்பும் தின்று அலுத்துப்போனவள், ஒருநாள் என்னிடம் பழைய இழுப்பறையின் அடிப்பலகை ஒன்று கொண்டுவரச் சொன்னாள். பட்டறையிலிருந்து கொண்டுவந்தேன். தம்பி இல்லாத நேரம் பார்த்து அவன் உளியை எடுத்து அவளே செதுக்கினாள். முதல் பலகை பிளந்தது, இரண்டாவதில் கை வெட்டுப்பட்டது, மூன்றாவதில் உருவம் வந்தது. ஒரு பல் செட்டு. மேல்வரிசை மட்டும், ஈறோடு. கோணல்தான், ஆனால் பார்த்தவுடன் பல் என்று தெரிந்தது. குடை என்று யாரும் சொல்லவில்லை.

அவன் வீணாக்கி எறிந்த காகிதத்தின் வெட்டுத்துண்டுகளில் அதை ஒற்றி எடுத்தாள். தம்பி சட்டைப்பையில் ஒன்று. அவன் சாப்பிடும் தட்டுக்கு அடியில் ஒன்று. அவன் சவரக் கண்ணாடியில் ஒன்று. அவன் மிதியடிக்குள்கூட ஒன்று கிடந்தது.

"அக்கா, சின்னப்பிள்ளை மாதிரி பண்ணாத. ஓட்டல் முதலாளி வர்றாரு. அறைக்கு ஒரு படம் வேணும்னு கேட்டிருக்காரு. செஞ்சு காட்டி அட்வான்ஸ் வாங்கினதும் முதல் காசு உன் வாய்க்குத்தான்."

"வாய்க்கரிசியாவா?" என்று நான் கேட்டேன். அவன் என்னைக் கவனிக்கவில்லை.

ஆனால் அந்த ஓட்டல் முதலாளி நிஜமாகவே வருவதாக இருந்தது. என் மனைவி பல் ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ் எதுவென்று விசாரித்து வைத்தாள். நானும் கொஞ்சம் நம்பினேன். நம்பினது என் புத்திதான், வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

முதலாளி வருவதற்கு முதல்நாள் கொக்குப் பலகைகளை ஒரு போர்வையில் சுற்றிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தான் மச்சினன்.

"அத்தான், பெரிய மனுஷன் வர்றாரு. பலகையைத் தொட்டுப் பார்ப்பாரு, போட்டோ எடுப்பாங்க. இப்படிப் பச்சை மரமா, கறை கறையா இருந்தா மரியாதையா இருக்காது. உங்க பாலிஷ் ஒண்ணு போட்டுக் குடுங்க."

"இதுக்கு எதுக்கு பாலிஷ்?"

"உங்களுக்குப் புரியாது. எல்லாம் பார்வைதான் அத்தான்."

எனக்குப் புரியாது என்று ஒருவன் சொன்னால் அதன்பிறகு நான் வாய் திறப்பதில்லை. கேட்டதைப் போட்டுக் கொடுப்பதுதான் கூலி. வழவழப்பாகத் தேய்த்து, மெல்லிய துணியில் பஞ்சைச் சுருட்டி, அரக்கு பாலிஷ் மூன்று பூச்சு கொடுத்தேன். கொக்கின் கழுத்திலும் மழையின் கோடுகளுக்கு இடுக்கிலும்கூட மெல்லிய தூரிகையால் விட்டேன். காய்ந்தபிறகு வழக்கம்போல் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். சொட்டுகள் முத்துமுத்தாக உருண்டு நின்றன. ஒன்றுகூட மரத்துக்குள் இறங்கவில்லை. நல்ல பாலிஷுக்கு அதுதான் சோதனை. மச்சினன் விரலால் தடவிப் பார்த்து, "கண்ணாடி மாதிரி இருக்கு" என்றான். இரண்டு பேருமே மெச்சிக்கொண்டு நின்றோம். இரண்டு தலைக்கும் சேர்த்து ஒரு மூளைகூட அன்றைக்குப் பட்டறையில் இல்லை.

மறுநாள் மருந்துக்கடை மாடியில் கூட்டம். நாலு மாணவர்கள், ஓட்டல் முதலாளி, அவருடன் வந்த கணக்குப்பிள்ளை. பின்வரிசையில் பசைச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு என் மனைவி. கதவோரம் நான். முதலாளி பலகையைத் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பிரமாதமா இருக்கே."

"முந்நூறு வருஷத்துப் பாரம்பரியம், சார்" என்றான் மச்சினன். அதற்கு வயது ஒருநாள்.

அரைமணி நேரம் பேசினான். மரத்தின் மௌனம் என்றான், காகிதத்தின் மூச்சு என்றான். அப்புறம் பலகையில் வண்ணத்தை வைத்து, பசை கலந்து, தூரிகையால் பரப்பினான். வண்ணம் பரவவில்லை. முத்துமுத்தாக உருண்டு நின்றது. நேற்று நான் பார்த்த அதே முத்து. என்ன நடந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் பாலிஷ் நன்றாக வந்திருக்கிறது என்ற நினைப்பும் கூடவே வந்தது, பழக்கதோஷம்.

இன்னும் கொஞ்சம் வண்ணம் விட்டான். இன்னும் கொஞ்சம் பசை. பலகையைச் சாய்த்தால் கொக்கின் நீலம் ஒரே சொட்டாகக் கால்பக்கம் ஓடியது. வேறு வழியில்லாமல் காகிதத்தைக் காடியில் முட்டவைத்துப் போட்டு, பாரெனால் தேய்த்து, மெல்ல உரித்தான். வெள்ளைத்தாளில் அங்கங்கே நீலப்புள்ளி. அம்மை போட்ட தாள்.

ஓட்டல் முதலாளி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "கொக்கு எங்கே?"

"மழை சார். கொக்கு மழைக்குப் பின்னால நிக்குது."

"மழையும் எதுக்கோ பின்னாலதான் நிக்கிற மாதிரி இருக்கு."

செல்போன் கம்பெனிப் பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். மச்சினன் என்னைப் பார்த்துத் திரும்பினான். "அத்தான், பலகையில என்னத்தப் போட்டுத் தொலைச்சீங்க?"

"நீ கேட்டதைத்தான் மாப்ள. மூணு பூச்சு. நாலாவது வேணுமா?"

"தண்ணிக் கலர்னு தெரியாதா உங்களுக்கு?"

"ஒரு மழைக்காலம் பூரா என் சமையலறையில தண்ணியக் கொட்டினவன் நீ. உனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றேன். இதில் நான் சொன்னதும் சரி, அவன் கேட்டதும் சரி. ஓட்டல் முதலாளி இரண்டையும் கேட்டுவிட்டு எழுந்தார். போகிறபோக்கில் என்னிடம், வரவேற்பறை மேஜைக்கு இந்த மாதிரி பாலிஷ் போட என்ன கூலி என்றார். சொன்னேன். அதிகம் என்றார். கணக்குப்பிள்ளையும் அதிகம் என்றார். இறங்கிப் போய்விட்டார்கள். அட்வான்ஸும் படியிறங்கிப் போயிற்று. அதோடு பல்லும்.

பாங்க் அதிகாரி கட்டணத்தைத் திருப்பிக் கேட்டார். மச்சினன் அவரிடம் நஷ்டத்தின் அழகு என்று ஏதோ ஜப்பான் தத்துவம் தொடங்கினான். அவர் பாங்கில் இருந்தவர், நஷ்டத்தின் அழகெல்லாம் பார்த்தவர். "பணத்த எடுங்க தம்பி" என்றார்.

அப்போதுதான் பின்வரிசையிலிருந்து என் மனைவி எழுந்து வந்தாள். மேஜைமேல் கொக்குப் பலகையை ஓரமாகத் தள்ளினாள். தன் பையிலிருந்து தலையணை உறையில் சுற்றிய இழுப்பறைப் பலகையை எடுத்து வைத்தாள். அட்வான்ஸ் வாங்கும் தம்பிக்கு அங்கேயே சுடச்சுட ஒன்று ஒற்றிக் கொடுத்து ஞாபகப்படுத்தவே கொண்டுவந்திருந்தாள். விசிறியை நிறுத்தினாள். ஈரத்துணியால் பலகையைத் துடைத்தாள். சிவப்பு வைத்து, பசை ஒரு துளி விட்டு, தூரிகையைச் சுழற்றினாள். பச்சை மரம் தாகத்தில் இருந்தது மாதிரி இழுத்துக்கொண்டது. காகிதத்தின் ஈரத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்து, போட்டு, பாரெனைத் தோளிலிருந்து இழுத்துத் தேய்த்து, ஒரு மூலையிலிருந்து உரித்துத் தூக்கிப் பிடித்தாள்.

சிவப்பாக ஒரு பல் செட்டு.

முதலில் சிரித்தது அந்தப் பெண்கள். அப்புறம் பாங்க் அதிகாரி. என் மனைவி தம்பி முகத்தைப் பார்த்தாள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு கையிலும் காகிதம் இருந்ததால் வாயை மூட முடியவில்லை, அப்படியே சிரித்தாள்.

சிரிக்காதவர் பல் டாக்டரம்மா ஒருவர்தான். கிட்டே வந்து காகிதத்தை வாங்கி எண்ணினார்.

"அக்கா, மேல்வரிசையில இவ்வளவு பல்லு கிடையாதே. நாலு கூட இருக்கு."

"அது வட்டி" என்றாள் என் மனைவி.

டாக்டரம்மா அவள் வாய்க்குள் பார்த்தார். "ஈறு நல்லா ஆறியிருக்கே. எப்பவோ செட்டு வச்சிருக்கலாமே."

"செட்டு இங்கதான் இருக்கு டாக்டரம்மா. தோ, அந்த உளி இருக்கே, அது என் முன்பல்லு. இந்தக் காகிதக் கட்டு கடைவாய்ப்பக்கம். நீங்க போன வாரம் தேய்ச்சீங்களே பாரென், அது என் கோரைப்பல்லு ரெண்டும். என் தம்பி பத்து நாள்ல திருப்பித் தர்றேன்னு வாங்கிட்டுப் போனது. அரை வருஷத்துக்கு மேலா நான் கஞ்சி குடிக்கிறேன், அவன் என் பல்லால கொக்கு செதுக்குறான்."

டாக்டரம்மா கையிலிருந்த காகிதத்தை மேஜைமேல் மெல்ல வைத்தார். மச்சினன் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தான். அங்கே அவனுக்கு உதவ யாரும் வரவில்லை.

வகுப்பு அன்றோடு முடிந்தது. மூன்று மாணவர்கள் போய்விட்டார்கள். டாக்டரம்மா மட்டும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். கற்றுக்கொள்ள ஆசையாம், அதுவும் என் மனைவியிடமாம். படித்த மனுஷி, ஊரில் பெரிய கிளினிக், எங்கள் சமையலறையில் காகிதம் நனைக்க வருகிறார். இந்த உலகத்தில் ஆட்களுக்கு வேறு வேலை இல்லை என்று எனக்கு உறுதியானது அன்றைக்குத்தான்.

"கட்டணம் தம்பிக்கு இன்னும் குடுக்கல. உங்களுக்கே குடுத்துடறேன்" என்றார்.

"காசு வேணாம். காசு குடுத்தா இந்த வீட்டுல அதுக்குக் கால் முளைச்சிரும். செட்டா குடுங்க" என்றாள் என் மனைவி.

நான் தனியாகக் கூப்பிட்டு, "ஓசியில வர்ற பல்லு ஓசியாத்தான் இருக்கும்" என்று எச்சரித்தேன். "உங்க வாய்க்கா வைக்கிறாங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அப்படித்தான் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை டாக்டரம்மா இங்கே வருவார், நடுவாரத்தில் என் மனைவி அங்கே போவாள். அங்கே மெழுகைக் கடிக்கவைத்து ஈறுக்கு அச்சு எடுத்தார்கள். இங்கே என் மனைவி அதைவிடக் கடுமையாக வேலை வாங்கினாள்.

"புடுங்காதீங்க டாக்டரம்மா. இது மரம், கத்தாது. அதுக்காக நீங்க பாட்டுக்குக் குடைஞ்சா கோடு உடைஞ்சிரும். கோட்டுக்கு வெளியில சரிவா வெட்டுங்க."

"அழுத்தித் தேய்க்கணுமா?"

"தோள்லேர்ந்து வரணும். மணிக்கட்டுலேர்ந்து தேய்ச்சா என் தம்பி மாதிரி ஆயிருவீங்க."

அந்த ஒரு மிரட்டலில் டாக்டரம்மா சீக்கிரம் கற்றுக்கொண்டார். அவர் செதுக்கினதும் ஒரு பறவைதான். இவர்களுக்குப் பறவையை விட்டால் வேறு ஒன்றும் தெரியாது போலிருக்கிறது. ஆனால் அலகு அதன் இடத்தில் இருந்தது.

செட்டு வந்தது. முதல்நாள் அதைப் போட்டுக்கொண்டு என் மனைவி முறுகலான ரொட்டித்துண்டு ஒன்றைக் கடித்து, மென்று, விழுங்கினாள். இரண்டாவது துண்டு எடுத்தாள். நான் தட்டை அவள் பக்கம் நகர்த்திவிட்டு வேலைக்குப் போனேன்.

வாசனை பிடித்தவன்போல் அந்த வாரமே மச்சினன் வந்தான். இந்தத் தடவை தேனீ. பெட்டியும் கார்டும் தயாராம், தேனீ மட்டும்தான் வரவேண்டுமாம்.

"பல்லு வந்திருச்சுல்ல. அப்போ நம்ம கணக்கு தீர்ந்த மாதிரிதானேக்கா?"

"எப்படித் தீரும்?" என்றேன். "உழைச்சவ அவ. செஞ்சு குடுத்தவங்க டாக்டரம்மா. இதுல நீ எங்க வர்ற? பதினாலாயிரத்து முந்நூத்தி அம்பது அப்படியே இருக்கு."

"என் வகுப்புலதானே அத்தான் அந்தம்மாவைப் பிடிச்சீங்க?"

நான் எழுந்தேன். என் மனைவி கையைக் காட்டி உட்காரச் சொன்னாள். புதுப்பல்லில் 'ச' அவளுக்கு இன்னும் சரியாக வரவில்லை, ஆனால் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"உளி, பாரென், மிச்சக் காகிதம், எல்லாம் இங்கயே இருக்கும். அடுத்த மாசம் இன்னும் ரெண்டு பேரு கத்துக்க வர்றாங்க. உன்கிட்ட இருந்து இதுக்குமேல ஒண்ணும் வராதுன்னு எனக்குத் தெரியும். ஏங்க, அலமாரிக் கதவுல இருக்கிற அந்த எண்ணை அடிச்சிருங்க."

"நான் அடிக்க மாட்டேன்" என்றேன்.

"சரி. வாங்கினவனே அழிக்கட்டும். டேய், உப்புத்தாளை எடு."

மச்சினன் சந்தோஷமாக உப்புத்தாளை எடுத்துக்கொண்டு அலமாரிக் கதவுக்கு முன் உட்கார்ந்தான். கடன் அவ்வளவு சுலபத்தில் போகிறதென்றால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது. ஆனால் பாலிஷ் என்னுடையது. தேய்த்தான், நிறுத்தினான், மணிக்கட்டை உதறினான், மறுபடி தேய்த்தான். அதுவும் மரத்தின் நார் ஓடும் திசைக்குக் குறுக்கே. முந்நூற்று ஐம்பது போவதற்குள் கதவில் பூனை பிறாண்டின மாதிரி கீறல். பதினான்காயிரம் அப்படியே பளபளத்தது.

"மணிக்கட்டு வலிக்குது அத்தான்."

உப்புத்தாளை அவன் கையிலிருந்து பிடுங்கினேன். தோளிலிருந்து இழுத்து, நார் ஓடும் வாக்கில், பதினான்காயிரத்தையும் நானே தேய்த்து அழித்தேன். அவன் போட்ட கீறலைச் சரிசெய்யத்தான் இன்னும் ஒருமணி நேரம் ஆயிற்று.